பாதியில் விற்க முடியாத படம்

ஒவ்வொரு அக்டோபரிலும், கமல்ஹாசன் தொடங்கிப் பாதியில் நின்றுபோன ‘மருதநாயகம்’ சரித்திரப் படத்தின் ஸ்டில் ஒன்று யார் புண்ணியத்திலாவது என் வாட்ஸ்அப்புக்கு வந்து சேர்ந்துவிடும். கூடவே ஒரு வரி: “அன்னிக்கு 80 கோடிக்கு ஆள் கிடைக்கலையாம். இன்னிக்கு அது ஒரு ஹீரோவோட சம்பளம்!” கீழே பத்து பேர் கண்ணீர்ப் பொம்மை போட்டிருப்பார்கள். ஒருவர் “தமிழனுக்கு இதெல்லாம் கொடுப்பினை இல்லை” என்று முடித்து வைப்பார்.

கோடம்பாக்கத்தில் புரொடக்‌ஷன் கணக்கு எழுதியே தலை நரைத்தவன் நான். அந்தப் படத்தில் வேலை பார்த்ததில்லை. ஆனால் பைனான்சியர் எதிரே பட்ஜெட் தாளை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பழக்கம் உண்டு. பெரிய தொகையைப் பார்த்து அவர்கள் முகம் சுருங்கி நான் அதிகம் கண்டதில்லை. “சரி, இதுல எந்த இடத்துல நிறுத்தினா எனக்கு எவ்வளவு திரும்பும்?” என்று கேட்பார்கள். அதற்குப் பதில் இல்லாதபோதுதான் தாளை மடித்து நம் பக்கம் தள்ளுவார்கள். போர்ப்படம் எடுக்க வருகிற எவரிடமும் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்காது.

சாதாரணப் படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அறுபது சதவீதம் முடிந்து பணம் தீர்ந்துவிட்டது. என்ன செய்வோம்? வெளிநாட்டுப் பாட்டை பிரசாத் ஸ்டுடியோ ஃப்ளோருக்குள் கொண்டுவருவோம். இரண்டு சண்டையை ஒன்றாக்குவோம். அண்ணன் கதாபாத்திரத்தை ஒரு போன் காலில் சாகடிப்போம். நாலு நாள் பேட்ச் ஒர்க், டப்பிங், அவ்வளவுதான், படம் ரெடி. ஏரியா வாரியாக விற்றால் போட்டதில் பாதியாவது வரும். பிலிம் இருந்த காலத்தில் பைனான்சியரிடம் லேப் லெட்டர் இருக்கும். அதாவது, அவர் கடனைத் தீர்க்காமல், பிலிம் கழுவிப் பிரிண்ட் போடும் லேப் ஒரு பிரிண்ட்கூட வெளியே விடாது. அந்த நெகட்டிவுக்கு எந்தக் கட்டத்திலும் ஏதோ ஒரு விலை உண்டு என்பதுதான் அவருடைய தைரியம்.

போர்ப்படத்தில் அந்த அறுபது சதவீதத்தில் என்ன இருக்கும்? தாடி வைத்த ஆட்கள் கூடாரத்துக்குள் வரைபடத்தை விரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். ராணி ஜன்னலோரம் நிற்பாள். தூதுவன் ஒருவன் வந்து போவான். ஜனங்கள் எதற்காக டிக்கெட் வாங்குவார்களோ அந்தப் போர் கடைசி ஷெட்யூலில் கிடக்கும். செட், உடை, குதிரை எல்லாம் தயாராகிற வரை அதைத் தொட முடியாது. முதலில் எடுத்துவிடலாம் என்றால் மொத்தப் பணமும் முதல் மாதமே வேண்டும். எந்தப் பக்கம் திருப்பினாலும் பாதி முடிந்த போர்ப்படத்தின் நெகட்டிவ் சல்லிக்காசு பெறாது.

ஒரே ஒருமுறை, ஒரு சரித்திரப் படத்தின் போர் ஷெட்யூலுக்குக் கணக்கு எழுதினேன். படத்தின் பெயர் வேண்டாம். ஆயிரம் பேருக்கு மேல் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டும் ஊர்க்காரர்களும். விடிந்ததும் முதல் ஷாட் என்றால் மூன்று மணிக்கே மீசை ஒட்ட உட்கார வேண்டும். அதற்கு முன்னால் டீ. ஏழு மணிக்கு இட்லி, பொங்கல். அத்தனை பேருக்கும் இலை போட்டு முடிப்பதற்குள் முதலில் சாப்பிட்டவனுக்கு மறுபடி பசி வந்துவிடும். குதிரைக்காரர்களுக்குத் தனி பேட்டா, குதிரைக்குத் தனித் தீவனம், சென்னையிலிருந்து குதிரை வந்த லாரிக்கு வெயிட்டிங். பத்து மணிக்கு மேகம் மூடிக்கொண்டது. ஒளிப்பதிவாளர் வானத்தைப் பார்த்தார், டைரக்டர் ஒளிப்பதிவாளரைப் பார்த்தார், நான் வாட்சைப் பார்த்தேன். மூன்று மணிக்கு வெயில் வந்தபோது பாதிப் பேரின் மீசை வியர்வையில் கழன்றிருந்தது. அன்றைக்கு எடுத்தது மூன்று ஷாட். அதிலும் ஒன்றில் சேர நாட்டு வீரன் ஒருவன் ரப்பர் செருப்போடு ஓடுகிறான். செலவு மட்டும் பட்ஜெட்டில் போட்டபடி ஒரு முழு நாள். மறுநாளும் அதே ஆயிரம் பேர், அதே இட்லி. இதில் பட்ஜெட்டை எவ்வளவு தாண்டும், எத்தனை நாள் இழுக்கும் என்று சத்தியம் பண்ணிச் சொல்ல எந்த மேனேஜராலும் முடியாது.

எதையும் நுணுக்கமாகத் திட்டமிடுபவர் என்று பெயர் எடுத்த ஒரு ஹாலிவுட் டைரக்டருக்கும் இதே கதிதான். ஸ்டான்லி குப்ரிக். ‘2001’ படம் 1968-ல் வெளியானதும் நெப்போலியனைப் படமாக்கக் கிளம்பினார். பின்னால் எம்.ஜி.எம். ஸ்டுடியோ. அந்தப் படத்துக்காக அவர் எழுதிவைத்த தயாரிப்புக் குறிப்புகளை வாசித்தபோது எனக்குக் கிடைத்த சந்தோஷம் அவருடைய சில படங்களில்கூடக் கிடைக்கவில்லை. தொழில்காரன் புத்தி! வேஷம் கட்டிய ஒரு துணை நடிகருக்கு ஒரு நாள் செலவு இங்கிலாந்தில் 19.20 டாலர், இத்தாலியில் 24 டாலர் என்று நாடு வாரியாகப் போட்டிருக்கிறார். பிறகு யூகோஸ்லாவியா, ருமேனியா அரசுகளின் விலை. ராணுவ வீரர்களையே அனுப்புகிறோம், தலைக்கு யூகோஸ்லாவியாவில் 5 டாலர், ருமேனியாவில் 2 டாலர், 30,000 பேர் வரை. பெருக்கிப் பாருங்கள். இங்கிலாந்தில் 30,000 பேரை நிறுத்தினால் ஒரு நாளைக்கு 5,76,000 டாலர். ருமேனியாவில் 60,000 டாலர்.

அத்தோடு விடவில்லை மனுஷன். ராணுவ உடைக்குக் காகிதத் துணி. தீப்பிடிக்காத, துவைத்துக் காயப்போடக்கூடிய ஒருவகைக் காகிதத்தில் அச்சடித்து எடுத்தால் ஓர் உடை 1 டாலரிலிருந்து 4 டாலருக்குள் முடிகிறதாம். டெஸ்ட் ஷூட் செய்து பார்த்து, 30 கஜத்துக்கு அப்பாலிருந்து பார்த்தால் நன்றாகவே இருக்கிறது என்று எழுதிவைத்திருக்கிறார். பெரிய நட்சத்திரங்களுக்குச் சம்பளம் கொட்ட வேண்டாம் என்பதும் திட்டத்தில் இருந்தது. இப்படி ஒரு டைரக்டர் எனக்கு வாய்த்திருந்தால் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே நான் ரிடையர் ஆகியிருப்பேன்.

ஆனாலும் படம் நடக்கவில்லை. 1969-ல் எம்.ஜி.எம். கை மாறியது. கிர்க் கெர்கோரியன் வாங்கி, ஜேம்ஸ் ஆப்ரேயைத் தலைமையில் உட்கார வைத்தார். வந்தவர் கையில் கத்தரிக்கோல். ஃப்ரெட் ஜின்னமன் எடுக்கவிருந்த, சீனப் புரட்சிக்காலப் படம் ஒன்று படப்பிடிப்பு தொடங்கவிருந்த நேரத்தில் நிறுத்தப்பட்டது. நெப்போலியனும் போயிற்று. குப்ரிக் யுனைட்டெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் பக்கம் போனார், அங்கும் நடக்கவில்லை. இதற்கிடையில் 1970-ல் செர்கெய் பொந்தார்ச்சுக்கின் ‘வாட்டர்லூ’, நெப்போலியனின் கடைசிப் போரைப் பற்றிய படம், வெளியாகி விழுந்தது. சோவியத் ராணுவத்தின் 15,000-க்கும் மேற்பட்ட வீரர்களை நிஜமாகவே மைதானத்தில் நிறுத்தி எடுத்த படம். குப்ரிக் கேட்ட பிரம்மாண்டம் அப்படியே திரையில் வந்து, ஆள் வராத தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிறகு அவர் 2 டாலர் கணக்கை யாரிடம் காட்டினால் என்ன? செலவைக் குறைக்கிற வழிகளை எல்லாம் கண்டுபிடித்திருந்தார். வரவுக்கு என்ன சாட்சி என்று கேட்டவர்களுக்குத்தான் காட்ட ஒன்றும் இல்லாமல் போனது. பதினெட்டாம் நூற்றாண்டு ஆசை அவரை விடவில்லை. 1975-ல் ‘பேரி லிண்டன்’ எடுத்தார். போர் அதில் கொஞ்சம்தான், மெழுகுவர்த்தி வெளிச்சம்தான் அதிகம்.

இனி நம்ம ஊர்க் கதை.

யூசுப் கான் என்கிற மருதநாயகத்தை மதுரையில் தூக்கிலிட்டது 1764 அக்டோபர் 15. கமல்ஹாசன் படத்துக்குப் பூஜை போட்டது 1997 அக்டோபர் 16, தரமணி எம்.ஜி.ஆர். ஃபிலிம் சிட்டியில். வந்திருந்த விருந்தாளி இரண்டாம் எலிசபெத் மகாராணி. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் ஆற்காட்டு நவாபும் சேர்ந்து கொன்ற ஒருவனின் கதையைத் தொடங்கிவைக்க, 233 வருடமும் ஒரு நாளும் கழித்து இங்கிலாந்து ராணியே வருகிறார். விளம்பரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? அன்று ராணிக்குக் காட்டுவதற்காக எடுத்த ஒரு சிறு காட்சிக்கே ஒன்றரைக் கோடி ஆனதாகப் பேச்சு. மொத்த பட்ஜெட் 80 கோடிக்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதின. அன்றைய பெரிய தமிழ்ப் படங்களின் செலவைப் போலப் பல மடங்கு அது.

அந்த 80 கோடியை நம் முறையில் திரட்ட முடியுமா என்று பாருங்கள். அப்போது சினிமாவுக்கு வங்கிக் கடன் கிடையாது. மத்திய அரசு சினிமாவைத் தொழிலாக அங்கீகரிக்கப் போவதாக அறிவித்ததே 1998-ல்தான். மார்க்கெட்டில் மாதம் மூணு வட்டி சகஜம். மொத்தத்தையும் கடனாக வாங்கினால் (யாரும் வாங்க மாட்டார்கள், ஒரு பேச்சுக்கு) மாதம் 2 கோடியே 40 லட்சம் வட்டி. இரண்டு வருடம் இழுத்தால் வட்டியே 57 கோடியைத் தாண்டும். சரி, வினியோகஸ்தர்களிடம் எம்.ஜி., அதாவது மினிமம் கேரண்டி முன்பணம், வாங்கலாம் என்றால், யூசுப் கான் நிர்வாகம் செய்த மதுரைச் சீமையும் நெல்லைச் சீமையும் நம் வரைபடத்தில் எம்.ஆர். (மதுரை-ராமநாதபுரம்), டி.கே. (திருநெல்வேலி-கன்னியாகுமரி) என்று இரண்டே ஏரியா. அவற்றோடு சென்னை, என்.எஸ்.சி. (வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு), கோவை, சேலம், திருச்சி என்று தமிழ்நாட்டையே மொத்தமாக விற்றாலும் இந்தத் தொகைக்குப் பக்கத்தில்கூட வராது. ஆகவே வெளிநாட்டுப் பணம் வந்தே தீரவேண்டும். வெளிநாட்டு முதலீட்டாளர் பின்வாங்கினார், படம் நின்றது என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த முடிவு.

ஏன் பின்வாங்கினார் என்பதற்குப் பல கதைகள் உலாவுகின்றன. நான் அவற்றுக்குள் போகவில்லை. அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தால் எனக்கு என்ன உறுத்தியிருக்கும் என்று சொல்கிறேன். அங்கே பணம் போடுகிறவர்கள் கம்ப்ளீஷன் பாண்ட் கேட்பார்கள். படம் சொன்ன தொகைக்குள், சொன்ன தேதிக்குள் முடியும் என்று ஒரு மூன்றாவது நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். தவறினால் மிச்சத்தை அவர்கள் முடித்துத் தருவார்கள், அல்லது போட்ட பணத்தைத் திருப்பித் தருவார்கள். நான் எழுதிய எந்தக் கணக்குப் புத்தகத்திலும் அப்படி ஒரு தலைப்பு இருந்ததே இல்லை. நம்மிடம் இருந்த ஒரே உத்தரவாதம், “சார் நம்ம சார், முடிச்சிருவார்.”

அடுத்து, கதாநாயகன். யூசுப் கான் வாழ்நாளில் பெரும்பகுதி கம்பெனிக்காகச் சண்டை போட்டவர். 1758-59-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது வெளியிலிருந்து அவர்களைத் தூங்கவிடாமல் செய்தவர். பூலித்தேவனை எதிர்த்துப் படை நடத்தியவர். கடைசியில்தான் நவாபோடும் கம்பெனியோடும் முறைத்துக்கொண்டு மதுரைக் கோட்டையில் தனிக்கொடி ஏற்றுகிறார். எழுதுகிறவனுக்கு இந்த ஆள் பெரும் வரம். விற்கிறவனுக்கோ பெரும் தலைவலி. லண்டனில் பார்க்கிறவனுக்குப் படம் முடியும்போது தன் ஆட்களே வில்லன். பூலித்தேவனின் நெற்கட்டும்செவல் பக்கம் பார்க்கிறவனுக்கு இடைவேளை வரை ஹீரோவே வில்லன். பணம் போடுகிறவன் சரித்திரப் புத்தகம் படிக்கமாட்டான், இந்த இடம் மட்டும் அவனுக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிடும்.

உத்தரவாதம் என்றதும் டைரக்டர் பால் வெர்ஹோவன் ஞாபகத்துக்கு வருகிறார். 1990-களின் நடுவில் கரோல்கோ கம்பெனிக்காக, அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகரை வைத்துச் சிலுவைப்போர்ப் படம் எடுக்கவிருந்தார். பட்ஜெட் 100 மில்லியன் டாலரைத் தொட்டுக்கொண்டிருந்தது. இதற்கு மேல் போகாது என்று உறுதி தருவீர்களா என்று கூட்டத்தில் கேட்டிருக்கிறார்கள். உறுதியாவது ஒன்றாவது, அப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறதா என்று அவர் வெடித்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்வார்ஸ்நெகரே பிற்பாடு இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். டைரக்டர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அந்த அறையில் உண்மையைச் சொல்லக் கூடாது, அதுதான் எங்கள் தொழிலின் பால பாடம். போர்ப்படம் நின்றது. மிஞ்சிய பணத்தைக் கொள்ளைக்காரர் படமான ‘கட்த்ரோட் ஐலண்ட்’டில் போட்ட கம்பெனி, 1995-ல் அது ரிலீஸ் ஆகும் முன்பே திவால் மனு கொடுத்தது. பயந்து ஒதுங்கினவனும் பிழைக்கவில்லை.

எடுத்து முடித்தவர்களின் கதையைக் கேட்டால் கணக்குப்பிள்ளைக்கு இன்னும் கிலி பிடிக்கும். ‘அபோகலிப்ஸ் நவ்’ என்ற வியட்நாம் போர்ப்படத்துக்கு அமெரிக்க ராணுவம் உதவ மறுத்தது. டைரக்டர் பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா பிலிப்பைன்ஸ் போய் அதிபர் மார்கோஸ் அரசின் ஹெலிகாப்டர்களை வாடகைக்கு எடுத்தார். படப்பிடிப்பின் நடுவிலேயே அவை உள்நாட்டுக் கலகக்காரர்களை அடக்கப் பறந்துபோயின. வாடகை வண்டிக்காரன் வேறு சவாரிக்குப் போகலாம், வேறு யுத்தத்துக்குப் போனால் எந்த வவுச்சரில் எழுதுவது? பட்ஜெட் இரண்டு மடங்குக்கும் மேல் தாண்ட, கொப்போலா தன் சொந்தச் சொத்தையே அடகு வைத்தார்.

டைரக்டர் ஆலிவர் ஸ்டோன் 1976-ல் எழுதிய ‘பிளாட்டூன்’ என்ற வியட்நாம் கதை பத்து வருடம் தூங்கியது. அவர் எழுதிய இன்னொரு வியட்நாம் படத்தில் 1978-ல் அல் பசினோ நடிக்கவிருந்தார். படப்பிடிப்பு நெருங்கியபோது ஜெர்மானியப் பணம் காணாமல் போனது. அது 1989-ல் டாம் குரூஸோடு ‘பார்ன் ஆன் தி ஃபோர்த் ஆஃப் ஜூலை’ ஆக வந்தது. ‘பிளாட்டூன்’ மட்டும் 1986-ல் சுமார் 6 மில்லியன் டாலரில் முடிந்து, அமெரிக்காவில் மட்டும் 138 மில்லியன் வசூலித்து, சிறந்த படத்துக்கான ஆஸ்கரையும் வாங்கிக்கொண்டு போனது. ஒரு காடு, ஒரு சிறு படைப்பிரிவு, பெரிய சம்பளம் கேட்காத பையன்கள். மழை பெய்தால் அதுவும் காட்சி.

என் அக்கா பையன் சென்னையில் ஒரு விஷுவல் எஃபெக்ட்ஸ் கம்பெனியில் இருக்கிறான். “மாமா, இப்ப ஐம்பது பேரை நிறுத்தினா போதும், மீதி ஐம்பதாயிரம் பேரை நாங்க நிறுத்திடுவோம். உங்க இட்லிக் கணக்கெல்லாம் பழைய கதை” என்றான். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. இட்லிச் செலவு போய்விட்டது, வாஸ்தவம். அந்தப் பணம் இப்போது ஷூட்டிங் முடிந்த பிறகு, படம் ரிலீஸ் ஆகும் முன், மாதக்கணக்கில் கம்ப்யூட்டர் அறைக்குள் போகிறது. டைரக்டர் ஒரு யானையைத் திருப்பி நடக்கவிட்டால் மறுபடி பில். பாதியில் நிறுத்தினால் பச்சைத் துணிக்கு முன்னால் ஐம்பது பேர் காற்றை வெட்டிக்கொண்டிருப்பார்கள். அதை எந்த ஏரியாவுக்கு விற்பது?

உண்மையில் கணக்கை மாற்றியது வேறு ஒன்று: இரண்டு பாகம். ‘பாகுபலி’ 2015-ல் பாதிக் கதையில் நின்று, கட்டப்பா ஏன் கொன்றான் என்று ஊரையே கேட்கவைத்து, வசூலோடு வீட்டுக்குப் போனது. மீதி 2017-ல். எம்.ஜி.ஆர். 1958-ல் அறிவித்துக் கைவிட்டது ‘பொன்னியின் செல்வன்’. மணிரத்னமே 2010 வாக்கில் ஒருமுறை தொட்டுவிட்டுப் பட்ஜெட்டால் விட்டார். கடைசியில் அது 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் இரண்டாக வந்தது. கதை பெரிது, மூன்று மணி நேரத்தில் அடங்காது என்று பேட்டிகளில் சொல்வார்கள். அதுவும் சரிதான். எனக்குத் தெரிவது, பைனான்சியரின் கேள்விக்கு முதன்முதலாக ஒரு பதில் கிடைத்துவிட்டது. எந்த இடத்தில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பும்? இடைவேளையில் நிறுத்தினால் ஒரு முழுப் படத்தின் வசூல் திரும்பும். அதிலும் முதல் பாகம் ஓடவேண்டுமே என்பீர்கள். ஓடாமல் போன முதல் பாகங்களின் இரண்டாம் பாகத்தைப் பற்றி யாரும் இப்போது மூச்சுவிடுவதில்லை, கவனித்தீர்களா?

‘மருதநாயகம்’ இனி வருமா என்று கேட்கிறவர்களிடம் நான் 1764-ஐ மட்டும் எடுங்கள் என்பேன். முந்தைய வருட முற்றுகை மழையோடு தோற்றிருந்தது. இந்த முறை கம்பெனிப் படையினர் மதுரைக் கோட்டைச் சுவரில் ஏறப் பார்த்து, முடியாமல், சுற்றி அடைத்து உணவை நிறுத்தினார்கள். உள்ளே பசி. திவான் சீனிவாச ராவும் பிரெஞ்சுத் தளபதி மார்ச்சந்தும் கூடிப் பேசி, தங்கள் தலைவனையே பிடித்துக் கொடுத்தார்கள். கோட்டைக்குள் நாலு அறை, ஒரு மதில், ஒரு பீரங்கி. சந்தேகப்படும் பத்து முகங்கள். வெளியே இருக்கும் படையைச் சத்தத்திலேயே காட்டிவிடலாம். இதற்குப் பட்ஜெட் போடச் சொன்னால் ஒரே ராத்திரியில் போட்டுத் தருவேன், பேட்டா உட்பட. சென்னை முற்றுகை, பூலித்தேவன், குதிரைப்படை எல்லாவற்றையும் இரண்டாம் பாகத்துக்கு ஒதுக்கிவிடலாம். முதல் பாகம் ஓடினால் குதிரைக்காரர்களுக்கு நானே போன் பண்ணுகிறேன்.